பாஆஆம்! - சாம்பிள் ஆர்க்கெஸ்ட்ராவும் காணாமல் போன மெட்டும்

ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், இரண்டு ஆக்டேவ் மட்டுமே உள்ள ஒரு குட்டி கீபோர்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் இவ்வளவு இருந்தால் போதும்... தொண்ணூறு பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா ரெடி. வலது கையால் கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு, இடது கையால் மாட் வீலை மெதுவாக மேலே தள்ளினால் "பாஆஆஆம்" என்று பூமி பிளக்கும். அதற்கு மேல் வயலின்களில் "டக டக டக டக". அதற்கும் மேல் இடி மாதிரி டிரம். மூன்று நிமிஷத்தில் ஒரு 'எபிக்' தயார். ஒரு வாள், ஒரு மலை, கொஞ்சம் நெருப்பு போட்டுப் படம் ஒட்டி யூட்யூபில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. நன்றாக இருக்கிறது, பிரமாண்டமாக இருக்கிறது, முடிந்த அடுத்த நிமிஷம் "எங்கே, ஒரு தடவை முணுமுணு பார்ப்போம்" என்றால் ஒருத்தராலும் முடியாது. எழுதியவராலேயே முடியாது!

இங்கே சொல்ல வருவது ரொம்பச் சின்ன விஷயம். சாம்பிளை வைத்து இசை எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை. சாம்பிளுக்கு எது சுலபமோ அதை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு 'சினிமா இசை' என்று பேர் வைத்திருக்கிறார்களே... அங்கேதான் இடிக்கிறது.

முதலில் அந்தப் பக்கத்துக்காரர்கள்

இதைச் சொன்னவுடன் ஒரு கோஷ்டி கைதட்டிக்கொண்டு ஓடி வரும். "அப்பவே சொன்னோமே! கம்ப்யூட்டர்ல போடுறதெல்லாம் இசையா? உயிர் இல்ல சார், உயிர்!" அவர்களை முதலில் உட்கார வைத்துவிடுவது நல்லது.

இந்த ஒப்பாரி புதுசு இல்லை. 1963ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெலோட்ரான் என்று ஒரு வாத்தியம் வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. அந்த நாடாவில் நிஜ வயலின்காரரோ புல்லாங்குழல்காரரோ வாசித்த ஒரே ஒரு ஸ்வரம். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். சாம்பிள் இசையின் கொள்ளுப்பாட்டி இதுதான். அப்போதே வாத்தியக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. 1982ல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தில் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானமே போட்டது. பேரி மேனிலோ என்ற பாடகர் தன் சுற்றுப்பயணத்தில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் சிந்தசைசர் வைத்துக்கொண்டதுதான் அதற்குப் பொறி. தடை நிலைக்கவில்லை. நிலைத்திருக்கவும் கூடாது.

ஏன்? மெலோட்ரானைக் கையில் எடுத்த நல்ல ஆட்கள் அதைப் புல்லாங்குழல் என்று பொய் சொல்லி விற்கவில்லை. பீட்டில்ஸ் 1967ல் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் தொடக்கத்தில் அதை வைத்தார்கள். அது புல்லாங்குழலும் இல்லை, ஆர்கனும் இல்லை; நாடா தேய்ந்த மாதிரி ஒரு மங்கலான ஓசை. அந்த மங்கல்தான் அந்தப் பாட்டின் அழகு. ஆஸ்திரேலியாவில் 1979ல் வந்த ஃபேர்லைட் கருவியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசையிலிருந்து வெட்டிய ஒரே ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அடி இருந்தது. 1982ல் 'பிளானட் ராக்' பாட்டில் அந்த அடி விழுந்தபோது யாரும் அதை ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைக்கவில்லை. அது புது வாத்தியம் ஆகிவிட்டது. வான்கெலிஸ், 1924 ஒலிம்பிக்ஸ் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்கு (1981) சிந்தசைசரில் இசை போட்டு ஆஸ்கரே வாங்கினார். 1924ல் ஏது சிந்தசைசர் என்று யாரும் கேட்கவில்லை.

காசு விஷயமும் இருக்கிறது. ஒரு நிஜ ஆர்க்கெஸ்ட்ராவை ஒரு நாள் கூலிக்கு அமர்த்த எந்தக் கல்லூரி மாணவனால் முடியும்? ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும் ஊரில், அதைக் காசு கொடுத்துப் பார்க்கும் வீட்டில் பிறந்தவனுக்கு மட்டுமே இருந்த ஒரு வசதி இன்று திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் ஒரு லேப்டாப்பில் கிடைக்கிறது. இலவச லைப்ரரிகளே ஏகப்பட்டது இருக்கின்றன. இதைக் கேவலமாகப் பேசுபவர்கள், ஏழைக்கு எதற்கு ஆர்க்கெஸ்ட்ரா என்று மறைமுகமாகக் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆக, 'உயிர் இல்லை' கோஷ்டி இத்தோடு கிளம்பலாம். இனி பேச்சு வாசலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களிடம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சாம்பிள் லைப்ரரி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் மேட்டர் புரியும்.

வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி என்பதைத் தொடங்கிய ஹெர்ப் டுக்மாண்டல் ஒரு செல்லோ வாசிப்பாளர். 2000களின் தொடக்கத்தில் அவர் குழு செய்த வேலையின் பொறுமையை நினைத்தால் தலை சுற்றும். ஒரு வயலினை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுமார் 40 ஸ்வரங்கள். ஒவ்வொன்றையும் மென்மையாக, நடுத்தரமாக, சத்தமாக, ரொம்பச் சத்தமாக என்று 4 தடவை வாசிக்க வேண்டும். நீட்டி, வெட்டி, சுண்டி, நடுக்கி என்று ஒரு 10 விதம். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மெஷின் கன் மாதிரி கேட்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் 3 நகல். பெருக்கிப் பாருங்கள்: 40 x 4 x 10 x 3 = 4800. ஒரு வாத்தியத்துக்கு! ஸ்பிட்ஃபயர் நிறுவனம் 2019ல் வெளியிட்ட பிபிசி சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரியில் 99 கலைஞர்கள். முழுப் பதிப்பை ஏற்ற ஹார்ட் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் ஜிபி வேண்டும்.

இது பிரமாதமான உழைப்பு. சந்தேகமே இல்லை. ஆனால் இந்த உழைப்பின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஸ்வரம் என்பது ஒரு செங்கல். தனித்தனியாகச் சுட்டு எடுத்து வைத்துவிட்டால் பிறகு எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை.

சில வகை இசைக்கு அது நிஜம். டிரம்முக்கு நூற்றுக்கு தொண்ணூறு நிஜம். அடித்தால் அடி, முடிந்தால் முடிந்தது. வயலினில் வெட்டி வெட்டி வாசிக்கும் சின்ன ஸ்வரங்களுக்கும் பெரும்பாலும் நிஜம். அசையாமல் நீட்டும் ஸ்வரத்துக்கும் நிஜம். மாட் வீலைத் தள்ளினால் மெல்லிய பதிவிலிருந்து சத்தமான பதிவுக்குக் கரைந்து ஏறும்.

மெட்டுக்குத்தான் அது நிஜமில்லை. மெட்டு என்பது ஸ்வரங்களுக்கு நடுவில் நடப்பது. ஒரு வயலின்காரர் 'ஸ'விலிருந்து 'ப'வுக்குப் போகும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு போகிறார். வில்லை மிச்சம் பிடிக்கிறார். உச்சி ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு மயிரிழை தயங்குகிறார். வியன்னாக்காரர்கள் இதையும் விடவில்லை. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலான தாவலையே தனித்தனியாகப் பதிவு செய்து வைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் தாவலை வாசித்தவருக்கு, அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வரும் என்று தெரியாது. மேடையில் உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு தாவலை, அடுத்த தாவலை, அதற்கடுத்த தாவலை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தனி வாத்தியத்தில் இன்னொரு தொல்லை. மெல்லிய பதிவும் சத்தமான பதிவும் கரையும் அந்த நொடியில் ஒரு வயலின் இரண்டு வயலினாகக் கேட்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாம்பிளில் நன்றாக வருவது: டக டக டக, நீண்ட பாஆஆம், இடி டிரம். சரியாக வராதது: ஒரு நல்ல மெட்டு. இன்றைய 'எபிக்' இசையில் இருப்பது: டக டக டக, நீண்ட பாஆஆம், இடி டிரம். இல்லாதது: ஒரு நல்ல மெட்டு.

இது தற்செயல் என்று நம்புகிறவர்களுக்கு மெரினா பீச்சைக் கிரயம் பண்ணிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

கருவியின் பலவீனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையின் இலக்கணம் ஆகிவிட்டது. கேட்டால், "அது ஸ்டைல் சார்" என்கிறார்கள். சட்டியில் உப்புமா மட்டும்தான் வரும் என்பதால் உப்புமாவைத் தேசிய உணவு என்று அறிவிப்பது ஸ்டைலா?

ஸிம்மர் பெயரால்

இந்தப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் சொல்லப்படும் பெயர் ஹான்ஸ் ஸிம்மர். "அவரே கம்ப்யூட்டர்லதானே போடுறாரு?" போடுகிறார். கம்ப்யூட்டரில் ஆர்க்கெஸ்ட்ரா எழுதுவதில் அவர் முன்னோடி, அவருக்கென்றே சாம்பிள்கள் பதிவு செய்து வைத்திருப்பவர். ஆனால் பக்தர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

'இன்செப்ஷன்' (2010) படத்தின் அந்தப் புகழ்பெற்ற பாஆஆம் எப்படி வந்தது? நடுவில் ஒரு பியானோவை வைத்து, அதன் பெடலை அழுத்தியபடியே நிறுத்தி, பித்தளை வாத்தியக்காரர்களை அதன் தந்திகளை நோக்கி ஊத வைத்ததாக ஸிம்மரே பேட்டியில் விவரித்திருக்கிறார். ஊதிய காற்றுக்குப் பியானோ தந்திகள் அதிர்ந்தன. அதன் மேல் கொஞ்சம் எலக்ட்ரானிக் வேலை. நிஜ மனிதர்கள், நிஜ மூச்சு, நிஜ அறை. அது மட்டுமில்லை, அந்த ஓசைக்குக் கதையில் ஒரு காரணமும் இருந்தது. கனவுக்குள் கனவுக்குள் போகப் போக நேரம் மெதுவாகிறது. படத்தில் விழிப்பு மணியாக வரும் எடித் பியாஃபின் பாட்டை மெதுவாக ஓடவிட்டால் என்ன கேட்குமோ, அதிலிருந்து கிளைத்தது அந்த இசை. இன்று பத்து டாலருக்கு பாஆஆம் மூட்டை வாங்கி, காதல் தோல்விக் குறும்படத்துக்கும் போடுகிறவருக்கு என்ன காரணம் இருக்கிறது? பூமி ஏன் பிளக்கிறது? அவள் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்பதாலா?

'டார்க் நைட்' (2008) படத்தின் ஜோக்கர் இசை மார்ட்டின் டில்மன் செல்லோவில் இழுத்தது. 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்தின் ஆர்கன், லண்டன் டெம்பிள் சர்ச்சில் ரோஜர் சேயர் வாசித்தது. 2018ல் ஸிம்மரின் பெயரிலேயே ஒரு சாம்பிள் லைப்ரரி வந்தது. அதற்கு 344 தந்தி வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டார்கள். சாம்பிள் விற்கும்போதுகூட மனிதர்களை எண்ணிச் சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கிறது!

கள்ளக் கணக்கு

மெட்டு போகட்டும். ஆர்க்கெஸ்ட்ரா எழுதுகிறோம் என்கிறார்களே, அந்த ஆர்க்கெஸ்ட்ராவாவது உண்மையா?

'16 வயலின்' என்று பெயர் போட்ட ஒரு சாம்பிளில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும்? 48 வயலின். நான்கு கட்டை என்றால் 64. நிஜ ஆர்க்கெஸ்ட்ராவில் 16 பேர் மூன்றாகப் பிரிந்து வாசிப்பார்கள். ஓசை மெலியும், மெலிவதில் ஒரு அழகு வரும். லேப்டாப்பில் ஆள் பெருகிக்கொண்டே போகும், கல்யாணப் பந்தி மாதிரி.

புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி காதோடு பேசுகிற ரகசியம். நான்கு ஹார்ன்கள் ஊதும்போது அது கேட்கவே கேட்காது. லேப்டாப்பில்? ஃபேடரை மேலே தள்ளு, ரகசியம் ஊரெல்லாம் கேட்கும். ஹார்ப்பில் 47 தந்திகள், 7 பெடல்கள். பெடலை மாற்றாமல் எல்லா அரை ஸ்வரங்களையும் சரசரவென்று வாசிக்க முடியாது. லேப்டாப் ஹார்ப்புக்குக் காலும் இல்லை, பெடலும் இல்லை. டிராம்போன்காரர் மூச்சு விட வேண்டும். லேப்டாப்காரர் நாற்பது விநாடி நீட்டினாலும் சாகமாட்டார்.

"அதனால என்ன? கேக்க நல்லா இருந்தா போதாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இது: அந்தக் கட்டுப்பாடுகளிலிருந்துதான் இசையே பிறந்தது. 'சைக்கோ' (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். டிரம் இல்லை, பித்தளை இல்லை. பட்ஜெட்டும் குறைவு, படமும் கறுப்பு வெள்ளை. அந்த வயலின்கள் கிறீச்சிடும்போது கத்தி இறங்குவதற்கு டிரம் தேவைப்பட்டதா? 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரங்களை வைத்து உலகத்தையே கடலில் கால் வைக்க விடாமல் செய்தார். எல்லாம் இருக்கிறவன் எல்லாவற்றையும் போடுகிறான். 99 பேரும் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று 99 பேரையும் முதல் நிமிஷத்திலேயே எழுப்பிவிடுகிறான். அப்புறம் உச்சக்கட்டம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. சத்தத்தைக் கூட்டுவதைத் தவிர.

தோடியின் காந்தாரம் எங்கே?

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னும் ஒரு படி கூடுதல் நஷ்டம்.

ஸ்வரம் செங்கல் என்பது மேற்கத்திய வயலினுக்கே பாதிப் பொய் என்றால், கர்நாடக இசைக்கு முழுப் பொய். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அதற்கு ஒரு கட்டை உண்டு. அந்தக் கட்டையை அழுத்தினால் வருவது தோடி இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஊசலாடும் அந்த அசைவுதான் தோடியின் காந்தாரம். அதை நிறுத்திப் பிடித்துப் பதிவு செய்தால் ராகமே செத்துப்போகும். ஒவ்வொரு பாடகரும் ஒவ்வொரு இடத்தில் வேறு மாதிரி அசைக்கிறார்கள். எத்தனை 4800 பதிவு செய்தாலும் தீராது.

அதனால் என்ன நடக்கிறது? கமகம் வேண்டாத மெட்டு எழுதுகிறார்கள். சாம்பிளில் உள்ள வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் பத்து ரெடிமேட் சங்கதிகள் இருக்கும்; 'நேட்டிவிட்டி' வேண்டிய இடத்தில் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தெளிப்பார்கள், பொங்கலில் முந்திரி மாதிரி. ஊர்த் திருவிழாக் காட்சி என்றால் முந்திரி நம்பர் 3.

கால்ஷீட் இல்லாத வாத்தியக்காரர்

எண்பதுகளில் சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் ஒரு ரீரெக்கார்டிங் என்றால் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இளையராஜா காகிதத்தில் எழுதிய நோட்ஸ் கைக்கு வரும், பார்த்து வாசிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையே இருந்தது. 1986ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேட்டால், எழுதியவரும் வாசித்தவரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள் என்று தெரியும்.

1992ல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானின் ஓசை புதுசு, கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் அதன் அஸ்திவாரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கருவியைக் கருவியாகவே வைத்துப் புது உலகம் காட்டினார். கோளாறு, பின்னால் வந்த கூட்டத்தின் கணக்கில்: "ஒரு கீபோர்டு போதும்னா இருபது வயலின் எதுக்கு?" கீபோர்டு பெருகப் பெருக உட்கார்ந்து வாசிக்கும் வேலை சுருங்கியது. வேலை சுருங்கினால் அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொள்ளாவிட்டால், பிறகு வேண்டும் என்று தேடும்போது ஆள் இருக்காது. 2000ல் 'ஹே ராம்' பின்னணி இசைக்கு இளையராஜா புடாபெஸ்ட் போக வேண்டியிருந்தது. ரஹ்மானே 2008ல் சென்னையில் கே.எம். இசைப் பள்ளி தொடங்கினார். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லித்தரும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா அங்கேதான் வளர்ந்தது. கம்ப்யூட்டர் இசையின் நாயகன் என்று கொண்டாடப்படுகிறவரே ஏன் பிள்ளைகள் கையில் வில்லைக் கொடுக்கிறார் என்று சாம்பிள் பக்தர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மாதிரியே மாப்பிள்ளை ஆன கதை

கம்ப்யூட்டர் ஆர்க்கெஸ்ட்ரா முதலில் எதற்கு வந்தது? டைரக்டருக்கு மாதிரி காட்டுவதற்கு. "சார், இந்த இடத்துல இப்படி வரும், அப்புறம் நிஜ ஆளுங்களை வச்சு எடுத்துடலாம்." டைரக்டர் மாதிரியைக் கேட்பார். எடிட்டிங் டேபிளில் முப்பது தடவை கேட்பார். முப்பத்தோராவது தடவை அது அவர் ரத்தத்தில் கலந்துவிடும். "இதுவே நல்லா இருக்கே, இதையே வச்சுக்கலாமே?" தயாரிப்பாளர் முகத்தில் அப்போது வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த வியாதிக்கும் வயசாகிவிட்டது. 1968ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவு செய்த இசையை ஸ்டான்லி குப்ரிக் தூக்கிப்போட்டுவிட்டு, தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த பழைய இசைத்தட்டுகளோடே படத்தை வெளியிட்டார். அங்கே தற்காலிகமாக இருந்தது ஸ்ட்ராஸும் லிகெட்டியும், தப்பித்தோம். இன்றைக்குத் தற்காலிகமாக இருப்பது போன வருஷத்து டிரெய்லர் இசை. அதைப் போலவே ஒன்று செய்யச் சொல்கிறார்கள். அது அடுத்த படத்துக்குத் தற்காலிகம் ஆகிறது. நகலின் நகலின் நகல்... ஜெராக்ஸ் கடைக்குப் போன எல்லோருக்கும் தெரியும், கடைசியில் என்ன மிஞ்சும் என்று.

"ரசிகனுக்குத் தெரியவா போகுது?"

கடைசி ஆயுதம் இது. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எது சாம்பிள், எது நிஜம் என்று தெரியாது என்கிறார்கள். ரொம்பச் சரி. தெரியாதுதான். ஆனால் அவனுக்கு வேறொன்று தெரியும். வெளியே வரும்போது வாயில் ஒரு மெட்டு ஒட்டிக்கொண்டு வந்ததா இல்லையா என்று. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பின்னணி இசையை ரிங்டோனாக வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! போன மாதம் பார்த்த படத்தின் பாஆஆமை ரிங்டோனாக வைத்திருப்பவர் யாராவது?

இன்னொரு அவசரமும் இருக்கிறது. "சோகமான எபிக் ஆர்க்கெஸ்ட்ரா, இரண்டு நிமிஷம்" என்று எழுதிக் கொடுத்தால் இசை துப்பும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தாகிவிட்டன. சுனோ, உடியோ ஆகியவற்றின் மேல் 2024ல் பெரிய அமெரிக்க இசை நிறுவனங்கள் வழக்கே போட்டன. அந்தக் கருவிகள் எதை முதலில் நன்றாகச் செய்யும்? எது எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறதோ அதை. டக டக டக பாஆஆம். பத்து வருஷமாக லட்சம் பேர் ஒரே உப்புமாவைக் கிண்டி இணையத்தில் கொட்டியிருக்கிறார்கள். மெஷின் அதைத் தின்று அதையே கிண்டும். லைப்ரரிக்கு வசதியானதை மட்டும் எழுதப் பழகியவர்தான் முதலில் வேலை இழப்பார். வயலின்காரருக்கு நேர்ந்தது கீபோர்டுகாரருக்கும் நேரும். அப்போது 'உயிர் இல்ல சார்' என்று அவரும் அழுவார். கேட்க ஆள் இருக்காது.

சரி, என்னதான் செய்வது?

லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டாம். பாவம், அது என்ன செய்யும்.

முதல் வேலை, லைப்ரரியைத் திறப்பதற்கு முன்னால் மெட்டை எழுதுவது. வாயால் பாடிப் பார்க்க வேண்டும். வெறும் பியானோ ஓசையில் நிற்காத மெட்டு 99 பேர் வாசித்தாலும் நிற்காது. இரண்டாவது, அடுத்த லைப்ரரி வாங்கும் காசுக்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைப் படிப்பது. ரிம்ஸ்கி கோர்சகோவின் ஆர்க்கெஸ்ட்ரா பாடநூலும், ஹோல்ஸ்டின் 'தி பிளானட்ஸ்' நோட்ஸும் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் சும்மா கிடக்கின்றன. 'மார்ஸ்' பகுதியில் ஐந்து எண்ணிக்கையில் டக டக டக இருக்கிறது, வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டுகிற டக டக. ஆனால் அதன் மேல் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். டக டக பாவமில்லை, டக டகவோடு நிறுத்திக்கொள்வதுதான் பாவம்.

மூன்றாவது, சாம்பிளை ஒன்று ஓவியனின் பென்சில் கோடாக வைத்துக்கொள்வது, இல்லையென்றால் மெலோட்ரான் மாதிரி அதன் பொய்யையே அழகாக்கிப் புது வாத்தியமாக்குவது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு 'நிஜம் மாதிரியே இருக்கு' என்று ஜல்லியடிப்பதில்தான் எல்லா மொக்கையும் பிறக்கிறது.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரே ஒரு நிஜ ஆள். சாம்பிள் வயலின் கூட்டத்துக்கு மேல் ஒரே ஒரு நிஜ வயலின் மெட்டை வாசித்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து உட்காரும். தொழிலில் இருப்பவர்கள் நெடுநாளாகச் செய்கிற காரியம்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் வயலின் வகுப்புக்குப் போய்ப் பாதியில் விட்ட ஒரு பெண்ணோ, கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் வீட்டுப் பையனோ நிச்சயம் இருப்பார்கள். பக்கத்து ஹாஸ்டலில்தான் இருப்பார்கள். கூப்பிட்டு, நோட்ஸைக் கையில் கொடுத்தால், முதல் பார்வையிலேயே அவர்கள் சொல்வார்கள்:

"இதை இப்படி வாசிக்க முடியாதுப்பா. மூச்சு விட எடமே இல்லையே?"

எந்த லைப்ரரியும் அதைச் சொல்லாது. அது எல்லாவற்றுக்கும் தலையாட்டும். இசை எழுதக் கற்றுக்கொள்வது, யாராவது முடியாது என்று சொல்லும்போதுதான் தொடங்குகிறது.